எஞ்சினுக்கு மோட்சம்

கோலா சுங்கை பாருவில் ரயில் கிடையாது. கடல் உண்டு, கரையோரத்தில் மீன் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, ஊரைத் தாண்டினால் செம்பனை உண்டு. ரயில் பார்க்க ஆசைப்பட்டவன் பஸ் ஏறி, மஸ்ஜித் தானா, அலோர் காஜா என்று மாறி, புலாவ் செபாங்வரை போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கும் ஒரு கூத்து. ஸ்டேஷன் இருப்பது மலாக்கா மண்ணில். நெடுங்காலம் அதற்கிருந்த பெயரோ தம்பின். தம்பின் டவுன் நெகிரி செம்பிலானில். இப்போது புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு பெயரையும் ஒரே பலகையில் எழுதிச் சண்டையைத் தீர்த்துவிட்டார்கள். நம் நாட்டில் ரயில் விஷயத்தில் தீர்ந்த ஒரே சண்டை அதுதான்.

இந்த ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு ரயில் பைத்தியம் பிடித்து அலைந்தவர்களில் நானும் ஒருவன். பைத்தியம் என்றால் ரயிலில் ஏறிப் போகிற ஆசை அல்ல. அது எல்லாருக்கும் உள்ளது. இது பிளாட்பாரத்தில் நின்று எஞ்சினின் எண்ணைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிற வியாதி. எந்த எஞ்சின், எந்த ரகம், எந்த ஆலையில் செய்தது, எந்த ஆண்டு வந்தது, போன மாதம் பார்த்தபோது முன்விளக்கு உடைந்திருந்ததே, மாற்றிவிட்டார்களா என்று கவலைப்படுகிற வியாதி. கையில் கேமரா இருந்தால் முற்றிவிடும். ஃபிலிம் விற்ற விலைக்குக் கல்யாணப் படமே கணக்குப் பார்த்து எடுத்த காலத்தில், சரக்கு வண்டி இழுக்கும் டீசலுக்குப் பாதி ரோலைச் செலவழித்தவனை வீட்டில் என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை.

ரயில் ரசிகனின் ஞாபகசக்தி பயங்கரமானது. 56ஆம் ரக நீராவி எஞ்சின் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் ஆலையில் செய்தது, 1938 முதல் வரத் தொடங்கியது, மொத்தம் 66, மூன்று சிலிண்டர் என்று இன்னொருவர் முடித்து வைப்பார். அந்த எஞ்சின்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப்பெயரைச் சூட்டி, பித்தளையில் வார்த்து, பக்கவாட்டில் பதித்தார்கள். 1957இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல்கள் வந்தன, 26. முதலாவதற்குத் தேசிய மலரான செம்பருத்தியின் பெயர், புங்கா ராயா. 1971இல் 22ஆம் ரகம், 40. 1983இல் ஜப்பானின் ஹிட்டாச்சி, 15. ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய்விட்ட வெள்ளைக்காரர்கள், கேட்டால் இன்றும் எழுபது வருடத்துக்கு முந்தைய ஓர் எஞ்சின் எந்த ஷெட்டில் எத்தனை மாதம் படுத்திருந்தது என்று சொல்வார்கள். எந்தத் திருகு எந்த வருடம் மாற்றப்பட்டது என்பதற்குக்கூட ஆதாரம் காட்டுவார்கள். மலாயாவின் வரலாற்றை யாரும் இவ்வளவு அன்போடு எழுதவில்லை. இரும்பின் வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை புலாவ் செபாங்கில் இப்படி ஒரு வெளிநாட்டு ரசிகர் முக்காலியில் கேமராவைப் பூட்டிக்கொண்டிருந்தார். வெயில் சரியாக விழுந்திருந்தது; எஞ்சின் கச்சிதமாக நின்றிருந்தது. இடைஞ்சல் ஒன்றுதான். தண்டவாளத்தில் கட்டை மாற்றிக்கொண்டிருந்த நாலைந்து தமிழர்கள். துரை கையை வீசினார், ஒதுங்கச் சொல்லி. ஒதுங்கினார்கள். பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “வண்டியப் புடிக்கட்டும் தம்பி. நம்மளப் புடிச்சு அவுங்க என்ன செய்யப் போறாங்க?”

அந்தப் படம் நன்றாகத்தான் வந்திருக்கும். உலகத்தில் உள்ள மலாயா ரயில் படங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. எஞ்சின் இருக்கும், புகை இருக்கும், சிக்னல் கம்பம் இருக்கும், பின்னால் தென்னை இருக்கும். தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885இல் திறந்த இந்த நாட்டின் முதல் கம்பிச்சடக்கைப் போட இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படை தொடங்கி, வெயிலில் கட்டை தூக்கிய கடைசிக் கூட்டம்வரை எல்லாரும் சட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறார்கள். துரை கையை வீசிவிட்டாரே.

நிற்க. மலாக்காவுக்கு ரயிலே கிடையாது என்று இளைய தலைமுறை நினைத்துக்கொண்டிருக்கிறது. இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா டவுன்வரை, இருபது மைலுக்குக் கொஞ்சம் மேல், 1905இல் திறந்த கிளைப்பாதை. ரப்பர் ஏற்றியது, ஆள் ஏற்றியது, துரைமாரை ஏற்றியது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். பாதையைப் பெயர்த்தான். தண்டவாளத்தைச் சயாமுக்கு அனுப்பினான். போரில் எத்தனையோ பாதைகள் குண்டு விழுந்து போயின. நம்முடையது திருட்டுப் போனது.

இங்கே 1942 என்ற வருடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த வருடம் லண்டனில் இயான் ஆலன் என்ற இளைஞர், ரயில்வே அலுவலகக் குமாஸ்தா, ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சதர்ன் ரயில்வேயின் எஞ்சின்கள் அனைத்துக்கும் எண் பட்டியல். அச்சிட்டவுடன் விற்றுத் தீர்ந்தது. பையன்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், பார்த்த எண்ணின் கீழ்க் கோடு போட்டார்கள். எண் குறிக்கிற இந்தப் பொழுதுபோக்கு உலகமெல்லாம் பரவியது அந்தப் புத்தகத்திலிருந்துதான். போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஓர் எஞ்சின்கூடக் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்பதில் அந்த மனிதருக்கு அவ்வளவு அக்கறை.

அதே 1942இல்தான் இந்தப் பக்கம் ஜப்பான்காரன் இன்னொரு பாதையின் வேலையைத் தொடங்கினான். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூஸாயாட்வரை, 415 கிலோமீட்டர். ரப்பர் ஏற்றுமதி நின்று, சம்பளம் நின்று, தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்த சனத்திடம் போய், நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம் என்றார்கள். பெரட்டுக்களத்தில் நிறுத்தித் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள். கேட்ட தொகை சேராதபோது சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதும் நடந்தது. ஜன்னல் இல்லாத சரக்குப் பெட்டியில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். நம் தண்டவாளமும் நம் ஆளும் போய்ச் சேர்ந்தது ஒரே வேலைக்கு. தண்டவாளத்தை இறக்கும்போதாவது ஒருவன் எண்ணி வாங்கியிருப்பான்.

இரு பக்க வேலையும் சந்தித்தது 1943 அக்டோபர் 17. அதற்குள் காலராவும் பட்டினியும் அடியும் காய்ச்சலும் எடுத்துக்கொண்ட கணக்கைக் கேளுங்கள். போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம். செத்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள், வரிசை பிசகாமல், புல் வெட்டி, பூச்செடி வைத்து. தெரிந்தவருக்கெல்லாம் பெயர், படைப்பிரிவு, வயது. அது நியாயம். அப்படித்தான் செய்ய வேண்டும். அந்த மனிதர்களும் பாவப்பட்டவர்கள்.

நம்மவர்? மலாயாவிலிருந்து மட்டும் 78 ஆயிரம் பேர் போனதாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். செத்தவர் 30 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்கிறது ஒரு தாள். இல்லை, 40 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார் இன்னொருவர். அதைவிடப் பல மடங்கு என்கிறார் மூன்றாமவர். ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் நடுவில் விழுந்து கிடப்பவர்களைச் சேர்த்தாலே ஒரு டவுன் எழுப்பலாம். 1990இல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. பெயர் கேட்டால் எலும்பு என்ன சொல்லும்? கரும்பு நன்றாக விளைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம்.

எஞ்சினாகப் பிறந்திருக்க வேண்டும், ஐயா. எண் இருந்திருக்கும்.

போர் முடிந்தது. நீதி வந்தது. எப்படி வந்தது என்று கேளுங்கள், ருசியான சமாசாரம். 1946இல் பிரிட்டிஷ்காரர்கள் பாதையின் சயாம் பகுதியை சயாம் அரசாங்கத்துக்கே விற்றார்கள். விலை 12 லட்சத்து 50 ஆயிரம் பவுன். அந்தப் பணம் எதற்கு? ஜப்பான்காரன் அக்கம்பக்கத்து நாடுகளின் ரயில்வேக்களிலிருந்து தூக்கிக்கொண்டு போன தளவாடங்களுக்கு நஷ்டஈடு. அதாவது, திருட்டுப்போன இரும்பைத் தேடி, அதன் மதிப்பைக் கணக்கிட்டு, உடைமைக்காரருக்கு ஈடு கட்டிவிட்டார்கள். அதே வண்டியில் திருட்டுப்போன ஆளுக்கு உடைமைக்காரர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் கை தூக்கியிருப்பார்கள்.

பிறகு சுதந்திரம். இனி நம் அரசாங்கம், நம் வழக்கு என்று நினைத்தோம். 1967இல் ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் மலேசிய டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ரத்தக்கடன் தீர்ந்தது என்றார்கள். பணமாக வந்தால் பங்கு கேட்பார்களோ என்னவோ, அது இரண்டு கப்பலாக வந்தது. கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றியது. சயாமுக்குப் போனவரின் பெண்டாட்டிக்கு அந்தக் கப்பலின் புகைகூடக் கண்ணில் படவில்லை. கோலா சுங்கை பாரு கரையில் நின்று மலாக்கா நீரிணையில் போகிற கப்பலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவேளை பட்டிருக்கலாம். அது கணக்கில் வருமா என்று தெரியாது.

இனி எஞ்சின் கதைக்கு வருகிறேன்; ரசிகர்கள் பொறுமை இழந்திருப்பீர்கள்.

அந்தச் சயாம் பாதையில் ஓட்ட ஜப்பானிலிருந்து கப்பலேற்றி வந்த எஞ்சின்கள் சி56 ரகம். அதில் 31ஆம் எண் எஞ்சின் பாதைத் திறப்பு விழாவில் ஓடியது. போருக்குப் பின் சயாமில் பல காலம் உழைத்து ஓய்ந்தது. பாதை போட்ட ரயில்வேப் படையின் பழைய சிப்பாய்களுக்கு அதன்மேல் ஏக்கம். காசு திரட்டினார்கள். 1979இல் ஊருக்குக் கொண்டுபோனார்கள். எங்கே வைத்தார்கள்? தோக்கியோவின் யாசுகுனிக் கோயிலில். போரில் மாண்ட ஜப்பானியரைத் தெய்வமாக வணங்கும் இடம். முந்தின வருடம், 1978இல், பெரிய போர்க்குற்றவாளிகள் 14 பேரை அங்கே சத்தமில்லாமல் தெய்வமாக்கினார்கள். மறுவருடம் எஞ்சின் வந்தது. ஆள் வந்தான், பின்னால் வாகனமும் வந்தது. கோயில் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், கறுப்பு வர்ணம் பளபளக்க, கம்பி துலங்க நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் தரிசனம்தான். ரசிகர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். ஆள் குறுக்கே வராத, வெயில் மாறாத அருமையான இடம்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை; வெறியர்கள் கோயில் என்று விட்டுவிடலாம். 44ஆம் எண் என்று ஒரு தம்பி உண்டு. அதுவும் சயாமில் உழைத்தது, அதுவும் 1979இல் திரும்பியது. ஷிஸுவோக்காவில் ஓய்கவா ரயில்வே என்ற சுற்றுலாப் பாதையில் ஓடியது. 2015இல் அதற்குச் சிவப்பு வர்ணம் அடித்து, மூக்கும் வாயும் சிரிப்பும் வைத்த பெரிய முகமூடியை முன்னால் மாட்டி, குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் தாமஸ் எஞ்சினின் தோழன் ஜேம்ஸாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜேம்ஸ் கூவினான். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை அழைத்து வந்த அப்பா அம்மாவுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ரசிகருக்குத் தெரியும். எந்த ஆலையில் செய்தது, எந்த ஆண்டு கடல் கடந்தது, எந்த ஆண்டு திரும்பியது எல்லாம் அவர் விரல் நுனியில். நடுவில் எதன் மேல் ஓடியது என்பது மட்டும் எஞ்சினின் தொழில்நுட்ப விவரத்தில் சேராது போலும்.

சினிமாக்காரர்களைத் தனியாகக் குறை சொல்வானேன். அதே பாதையின் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற படம் 1957இல் வந்தது, நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடம். ஏழு ஆஸ்கார். படப்பிடிப்பு இலங்கையில், கித்துல்கலை ஆற்றோரத்தில். பாலத்தோடு உருட்டித் தள்ளக்கூட இலங்கை ரயில்வேயின் ஒரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். தமிழர் வாழும் தீவில் எடுத்த படத்தில் பாலத்தை வெள்ளைக்காரக் கைதிகளே கட்டி முடித்தார்கள், சீட்டியடித்துக்கொண்டு.

சரி, அயலான் அப்படித்தான். நம் மாநிலம் என்ன செய்தது? மலாக்கா பாரம்பரிய நகரம். 2008இலிருந்து யுனெஸ்கோ பட்டம். பழசைப் போற்றுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 1511இல் போர்த்துகீசியன் இந்த ஊரைச் சூறையாடி, அள்ளிய பொன்னையெல்லாம் ஃப்ளோர் டி லா மார் என்ற கப்பலில் ஏற்றினான். கப்பல் சுமத்ரா அருகே மூழ்கியது. அதற்கு நாம் ஆற்றங்கரையில் ஒரு நகல் செய்து கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறோம். கொள்ளையடித்தவன் கப்பலுக்குச் சிலை வைத்த ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா? கிளேபாங் கடற்கரையில் பிரான்சு நாட்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கிறோம், டிக்கெட் போட்டு. மலாக்கா ரயிலுக்கும், அதோடு போன ஆளுக்கும்? பெயர்த்த பாதைக்கு மேல் வீடும் கடையும் சாலையும்.

ரயில் ஆசை மட்டும் மாநிலத்தை விடவில்லை. 2010 அக்டோபரில் ஆற்றோரமாக ஒரு மோனோரயில் திறந்தார்கள். நீளம் 1.6 கிலோமீட்டர், செலவு 1 கோடியே 59 லட்சம் வெள்ளி. திறந்த கையோடு நின்றுபோனது. மழை பெய்தால் ஓடாது என்றார்கள். மலாக்காவில், மழை பெய்தால் ஓடாத வண்டி! காலராவிலும் வெள்ளத்திலும் பாலம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்தது அதிவேக ரயில். கோலாலம்பூர் சிங்கப்பூர், ஒன்றரை மணி நேரம், நடுவில் ஆயர் குரோவில் ஸ்டேஷன். 2016இல் கையெழுத்து. மலாக்காவுக்கு ரயில் திரும்புகிறது என்று நானும் கேமராவைத் துடைத்து வைத்தேன். ஒத்திவைத்தார்கள். 2020 முடிந்தது, திட்டமும் முடிந்தது. சிங்கப்பூருக்கு நாம் கட்டிய ஈட்டுத்தொகை 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் டாலர், நம் பணத்தில் 32 கோடி வெள்ளி. கவனியுங்கள்: இருந்த ரயிலைத் திருடியவனிடம் வாங்கத் தெரியாதவர்கள், வராத ரயிலுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நம் தலைவர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பொன்னாடை, மாலை, டத்தோ பட்டம் இவற்றுக்கு நடுவே அவர்களுக்கும் சயாம் ஞாபகம் வரும், பெரும்பாலும் மேடையில் ஒலிவாங்கி கையில் இருக்கும்போது. “நம் முன்னோர் ரத்தம் சிந்தினார்கள்” என்று தொண்டை கம்ம முடிப்பார்கள்; உணவு பக்கத்துக் கூடத்தில். அந்தக் கதையை நாவலாக எழுதி வைத்தது ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற எழுத்தாளர்கள். காஞ்சனபுரியில் கோயில் வளாகம் ஒன்றில் தமிழர்களுக்கு நடுகல் எழும்ப அலைந்தது பதவியில்லாத தன்னார்வலர்கள். தப்பிப் பிழைத்து வந்த கிழவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிய பிறகு கல் வந்தது. எஞ்சினுக்கு மோட்சம் கிடைத்த வருடத்தை மறந்திருந்தால் மேலே பார்த்துக்கொள்ளவும்.

2011 ஜூன் 30இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பாகார் ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிப் போனார். பிளாட்பாரத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம், கேமரா வெளிச்சம், கண்ணீர். ஸ்டேஷனுக்கு அழுதார்கள். அழட்டும், அழகான கட்டடம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அன்று ஒரு கட்டடத்துக்காக விழுந்த கண்ணீரில் பாதி, பான் போங்குக்குப் புறப்பட்ட சரக்குப் பெட்டிகளுக்காக எந்த ஸ்டேஷனிலாவது விழுந்ததா?

கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஆக்கபூர்வமாகவும் ஒன்று சொல்லி வைக்கிறேன். மலாக்காவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வேண்டும். அந்தச் சிரிக்கும் சிவப்பு எஞ்சினை ஜப்பானிடம் வாடகைக்குக் கேளுங்கள். தம்பினிலிருந்து மலாக்காவரை ஓட்டுவோம். அமைச்சர் ரிப்பன் வெட்டட்டும், சிங்க நடனம் ஆடட்டும், உறுமி மேளம் முழங்கட்டும். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து வெயிலில் கொடியோடு நிறுத்திவிடலாம், பிரமுகர் பத்தரைக்கு வருவார். ரசிகர்கள் முன் வரிசையில் முக்காலி போடலாம். ஆள் குறுக்கே வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓடுவதற்குத் தண்டவாளம்தான் இல்லை. சயாமிடம் கேட்டால், விலை கொடுத்து வாங்கியது என்பார்கள். லண்டனைக் கேட்டால், ஈடு கட்டியாயிற்று என்பார்கள். சுமந்துகொண்டு போனவர்களையே கேட்டுவிடலாம் என்று, அவர்கள் பெயர்ப்பட்டியலைத் தேடித் தோக்கியோவுக்கு எழுதினால், மிகுந்த மரியாதையுடன் பதில் வரும், எண்ணோடு: சி56 31.